கேட்காமலே இருக்க வேண்டியது, கேட்டால் மறுக்கக் கூடாதது: மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஓர் எளிய விளக்கம்

மாற்றுத்திறனாளிகளுக்கான சட்டம் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது உதவித்தொகை, பயணச் சலுகை, வேலையில் ஒதுக்கீடு ஆகிய மூன்றும்தான். மூன்றும் தேவையானவை. ஆனால் அவற்றோடு நின்றுவிட்டால் சட்டத்தின் வலுவான பகுதியைத் தவறவிட்டுவிடுவோம். ஒரு கட்டடத்துக்குள் நுழைய முடியவில்லை, ஒரு தேர்வை எழுத முடியவில்லை, பார்த்துவந்த வேலையைத் தொடர முடியவில்லை என்றால் அதைச் சரிசெய்யும் பொறுப்பு யாருடையது? 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதற்குப் பதில் சொல்கிறது. சட்டம் படிக்காதவருக்கும் புரியும்படி அந்தப் பதிலை இங்கே விளக்கப் பார்க்கிறேன். பொது இடங்கள், வேலை ஆகிய இரண்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கல்வி தனியாக எழுத வேண்டிய அளவுக்குப் பெரியது.

முதலில் கொஞ்சம் பின்னணி. நம் அரசியலமைப்பின் 15, 16 ஆகிய பிரிவுகள் மதம், சாதி, பாலினம் போன்ற அடிப்படைகளில் பாகுபாடு காட்டக் கூடாது என்கின்றன. அந்தப் பட்டியலில் உடல், மனக் குறைபாடு இல்லை. அதனால் இந்த விஷயத்தில் தனிச்சட்டத்தின் மீதுதான் பெரும்பாரம் விழுகிறது. 1995இல் ஒரு சட்டம் வந்தது. அது 7 வகைக் குறைபாடுகளை மட்டுமே ஏற்றது. 2006இல் ஐ.நா. பொதுச்சபை மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான உடன்படிக்கையை நிறைவேற்றியது, 2007இல் இந்தியா அதை ஏற்று உறுதிசெய்தது. அந்த உடன்படிக்கைக்கு ஏற்பப் பழைய சட்டத்தை மாற்றி எழுதியதுதான் 2016ஆம் ஆண்டுச் சட்டம். 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. இதில் 21 வகைகள் உண்டு. ஆட்டிசம், கற்றல் குறைபாடு, தசைச்சிதைவு, ஹீமோஃபீலியா, பார்கின்சன் நோய், அமில வீச்சின் பாதிப்பு எனப் பழைய சட்டம் கண்டுகொள்ளாத பலவும் உள்ளே வந்தன.

வகைகள் கூடியதைவிட முக்கியமான மாற்றம் ஒன்று உண்டு. மாற்றுத்திறனாளி யார் என்பதற்கு இந்தச் சட்டம் தரும் விளக்கத்தில் உடல், மனம், அறிவு, புலன் சார்ந்த நீண்டகாலக் குறைபாடு என்பது பாதிதான். அந்தக் குறைபாடு சுற்றிலும் இருக்கும் தடைகளோடு மோதும்போது, மற்றவர்களுக்குச் சமமாகச் சமூகத்தில் பங்கெடுக்க முடியாமல் போகிறதே, அது மறுபாதி. சக்கர நாற்காலியில் வரும் ஒருவர் சாய்தளம் உள்ள அலுவலகத்துக்குள் தன் போக்கில் போய்விடுகிறார். நான்கு படிகள் உள்ள அலுவலகத்தின் வாசலில் நின்றுவிடுகிறார். இரண்டு இடத்திலும் அவர் உடல் ஒன்றுதான். மாறியது வாசல். ஆகவே சட்டம் வாசலைப் பார்த்துக் கேள்வி கேட்கிறது.

சரி, அந்தத் தடையை யார், எப்போது நீக்க வேண்டும்? இங்கேதான் இரண்டு தனித்தனிக் கடமைகள் வருகின்றன. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பலர் தங்களுக்கு உரியதைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

முதலாவது, அணுகல்தன்மை. யார் வரப்போகிறார் என்று தெரியாத நிலையிலேயே, எல்லோருக்குமாக முன்கூட்டியே செய்து வைக்க வேண்டியது இது. சாய்தளம், அகலமான கதவு, கைப்பிடியோடு கூடிய கழிவறை, பிரெய்ல் எழுத்துள்ள லிஃப்ட் பொத்தான்கள், ஒலி அறிவிப்பு, ஸ்க்ரீன் ரீடர் (திரையில் இருப்பதை வாய்விட்டு வாசித்துக் காட்டும் மென்பொருள்) படிக்கக்கூடிய இணையதளம் போன்றவை. இவற்றுக்காக யாரும் விண்ணப்பம் எழுத வேண்டியதில்லை. கேட்காமலே இருக்க வேண்டும்.

இரண்டாவது, நியாயமான வசதி. இது தனி ஒருவரின் தேவைக்கு ஏற்ப, அவர் கேட்கும்போது செய்து தரும் மாற்றம். பார்வை மங்கிய ஊழியருக்குப் பெரிய திரை, தேர்வு எழுதுபவருக்குக் கூடுதல் நேரம், செவித்திறன் குறைந்தவர் கலந்துகொள்ளும் கூட்டத்தில் சைகை மொழிபெயர்ப்பாளர், காலையில் மருந்தின் மயக்கம் தெளியாத ஒருவருக்குச் சற்றுத் தாமதமான வேலைநேரம். ஒரே வகைக் குறைபாடு உள்ள இருவருக்குத் தேவைகள் வேறுவேறாக இருக்கும். அதனால் இதற்குப் பட்டியல் போட முடியாது, பேசித்தான் முடிவுசெய்ய வேண்டும்.

இந்தச் சட்டத்திலேயே எனக்கு மிக முக்கியமாகப் படுகிற வரி இங்கேதான் வருகிறது. பாகுபாடு என்றால் என்ன என்று விளக்கும் இடத்தில், நியாயமான வசதியை மறுப்பதும் பாகுபாடுதான் என்று சட்டம் சொல்லிவிடுகிறது. அதாவது ஒருவரை வெளியே போகச் சொன்னால்தான் பாகுபாடு என்பதில்லை. 'எல்லோருக்கும் ஒரே விதிதான், உங்களுக்கென்று தனியாக எதுவும் செய்ய முடியாது' என்று பணிவாகச் சொல்லி அனுப்பினாலும் அது பாகுபாடாகலாம்.

வரம்பே இல்லையா என்றால், உண்டு. கேட்கப்படும் மாற்றம் அந்தக் குறிப்பிட்ட சூழலில் நிறுவனத்துக்கு அளவுக்கு மீறிய சுமையாக இருக்கக் கூடாது. இரண்டு பேர் வேலை பார்க்கும் கடையில் லிஃப்ட் கேட்பதும், பத்து மாடி அலுவலகத்தில் கேட்பதும் ஒன்றல்ல. ஆனால் கொஞ்சம் செலவாகும், கொஞ்சம் சிரமம் என்பதெல்லாம் தானாகவே அளவுக்கு மீறிய சுமையாகிவிடாது. சுமை என்று சொல்பவர்தான் ஏன் என்று விளக்க வேண்டும். இன்னொன்றையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வசதிக்கு ஆகும் செலவை முழுதாகவோ பகுதியாகவோ மாற்றுத்திறனாளியின் தலையில் கட்டக் கூடாது என்று இந்தச் சட்டத்தின் கீழ் வந்த 2017ஆம் ஆண்டு விதிகள் வெளிப்படையாகச் சொல்கின்றன. 'மென்பொருளை நீங்களே வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள்' என்று அலுவலகம் சொன்னால், இந்த விதியை எடுத்துக் காட்டலாம்.

பொது இடம் என்றால் அரசு அலுவலகம் மட்டுமா?

இல்லை. பொதுமக்கள் புழங்கும் கட்டடம் எதுவாக இருந்தாலும், அரசுடையதோ தனியாருடையதோ, அது சட்டத்தின் கணக்கில் பொதுக் கட்டடம். மருத்துவமனை, காவல் நிலையம், நீதிமன்றம், ரயில் நிலையம், பேருந்து நிலையம், வணிக வளாகம், பொழுதுபோக்கு இடம், வழிபாட்டுத் தலம், பணியிடம் எல்லாம் இதில் வரும்.

புதிதாகக் கட்டுவோருக்குச் சட்டம் ஒரு கடிவாளம் போடுகிறது. அணுகல் விதிகளுக்கு ஒத்துவராத வரைபடத்துக்குக் கட்டட அனுமதி தரக் கூடாது. கட்டி முடித்த பிறகும் விதிகள் பின்பற்றப்படவில்லை என்றால் பணிநிறைவுச் சான்றிதழோ குடியேற அனுமதியோ தரக் கூடாது. ஏற்கெனவே இருக்கும் பொதுக் கட்டடங்களுக்கு, விதிகள் வெளியானதிலிருந்து 5 ஆண்டு கெடு கொடுக்கப்பட்டது. விதிகள் வந்தது 2017 ஜூனில். அப்படியானால் கெடு முடிந்தது 2022 ஜூனில். உங்கள் ஊர் அரசு அலுவலகங்களை ஒருமுறை மனத்தில் ஓட்டிப் பாருங்கள். மாடியில் சார்பதிவாளர், கீழே படிக்கட்டு, லிஃப்ட் கிடையாது என்ற நிலை இன்னும் எத்தனை இடங்களில் இருக்கிறது!

சாய்தளம் இருக்கும் இடங்களிலும் அது பேருக்குத்தான் இருக்கிறது என்பது பலருடைய அனுபவம். பொதுவாக ஏற்கப்பட்ட அளவு 1:12. ஓர் அடி உயரம் ஏற 12 அடி நீளமாவது வேண்டும். செங்குத்தாகச் சிமெண்ட் பூசிவிட்டு அதைச் சாய்தளம் என்று சொன்னால், சக்கர நாற்காலி அதில் ஏறாது, ஏறினாலும் இறங்கும்போது ஆளைக் கவிழ்த்துவிடும். அப்புறம் பராமரிப்பு. சென்னை மெரினாவில் 2022 நவம்பர் இறுதியில் கடலலை வரை செல்லும் மரப்பாதை ஒன்று திறக்கப்பட்டது. மணலைத் தாண்ட முடியாமல் சாலையிலிருந்தே கடலைப் பார்த்துவந்தவர்கள் அலைக்குப் பக்கத்தில் போக முடிந்தது. இரண்டு வாரத்துக்குள் மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியது, பழுதுபார்க்க வேண்டியிருந்தது. புயலை யாரும் தடுக்க முடியாது. ஆனால் ஒரு வசதியைத் திறந்துவைப்பதோடு கடமை முடிவதில்லை, அது உபயோகிக்கும் நிலையில் இருக்கிறதா என்பதுதான் கணக்கு.

சட்டம் இவ்வளவு கண்டிப்பாக இருந்தும் ஏன் நடக்கவில்லை? ஒரு காரணத்தை உச்ச நீதிமன்றமே கண்டுபிடித்துச் சொன்னது. பார்வை மாற்றுத்திறனாளியான ராஜீவ் ரதூரி பொது இடங்களின் அணுகல்தன்மைக்காகத் தொடுத்த வழக்கில், களநிலையை ஆராயும் பொறுப்பு ஹைதராபாத் நால்சார் சட்டப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மையத்துக்குத் தரப்பட்டது. அந்த அறிக்கைக்குப் பிறகு 2024 நவம்பர் 8 அன்று தீர்ப்பு வந்தது. சட்டம் 'செய்தே ஆக வேண்டும்' என்கிறது; ஆனால் 2017 விதிகளின் 15ஆம் விதி வெறும் வழிகாட்டுதல்களைத் தொகுத்துக் கொடுத்திருக்கிறது. வழிகாட்டுதலை மீறினால் என்ன தண்டனை? ஒன்றும் இல்லை. எனவே அந்த விதியின் முதல் பகுதி சட்டத்துக்கு முரணானது என்று நீதிமன்றம் ரத்து செய்தது. எதை மீறவே கூடாது என்ற கட்டாயமான அளவுகோல்களைத் தனியே பிரித்து வகுக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. அணுகல்தன்மை வேறு, நியாயமான வசதி வேறு, ஒன்று மற்றொன்றுக்கு மாற்றாகாது என்பதையும் அந்தத் தீர்ப்பு விரிவாகவே பேசுகிறது. சாய்தளம் கட்டாத நிறுவனம் 'ஆள் வந்தால் நான்கு பேர் சேர்ந்து தூக்கிவிடுகிறோம்' என்று தப்பிக்க முடியாது. தூக்கிச் செல்லப்படுவதில் என்ன கண்ணியம் இருக்கிறது?

போக்குவரத்தைப் பொறுத்தவரை ஒரு வழக்கைச் சொன்னால் போதும். மூளை முடக்குவாதத்தோடு வாழும், மாற்றுத்திறனாளிகள் உரிமைக்காகச் செயல்படும் ஜீஜா கோஷ், 2012 பிப்ரவரியில் ஒரு மாநாட்டுக்காகக் கொல்கத்தாவிலிருந்து கோவாவுக்குக் கிளம்பினார். விமானத்தில் ஏறி அமர்ந்த பிறகு அவரை இறக்கிவிட்டார்கள். 2016இல் உச்ச நீதிமன்றம் அந்த விமான நிறுவனம் அவருக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்றது. அவர் கேட்டது இரக்கத்தை அல்ல. டிக்கெட் வாங்கிய எல்லோரையும் போலப் பயணம் செய்வதை.

பொது இடம் என்பது இப்போது செல்பேசிக்குள்ளும் வந்துவிட்டது. வங்கிக் கணக்கு தொடங்க, சிம் வாங்க எனப் பலவற்றுக்கும் கேமரா முன்னால் கண்ணை இமைக்கச் சொல்கிறார்கள். அமில வீச்சில் இமைகள் பாதிக்கப்பட்டவர் எப்படி இமைப்பார்? பார்வையில்லாதவர் திரையில் தெரியும் வட்டத்துக்குள் முகத்தை எப்படிப் பொருத்துவார்? இந்தக் கேள்வியோடு போனவர்களுக்கு 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் பதில் தந்தது. டிஜிட்டல் சேவைகளை அணுகுவது வாழும் உரிமையின் ஒரு பகுதி என்றும், அடையாளச் சரிபார்ப்புக்கு மாற்று வழிகள் இருக்க வேண்டும் என்றும் சொன்னது.

வேலையில்

அரசு வேலையில் 4 சதவீத ஒதுக்கீடு இருப்பது ஓரளவு தெரிந்த செய்தி. பார்வைக் குறைபாடு, செவித்திறன் குறைபாடு, கை கால் இயக்கக் குறைபாடு ஆகிய மூன்று பிரிவுகளுக்கும் தலா 1 சதவீதம். ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு ஆகியவற்றுக்குச் சேர்த்து 1 சதவீதம். தகுதியானவர் கிடைக்காத இடத்தை அப்படியே பொதுப்பிரிவுக்குத் தள்ளிவிடக் கூடாது, அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோக வேண்டும்.

ஒதுக்கீட்டைப் பற்றி இதற்கு மேல் எழுதப்போவதில்லை. வேலை கிடைத்த பிறகு என்ன என்பதுதான் குறைவாகப் பேசப்படுகிறது. அரசு அலுவலகங்கள் நியாயமான வசதிகளைச் செய்து தர வேண்டும், குறைபாட்டை மட்டுமே காரணம் காட்டிப் பதவி உயர்வை மறுக்கக் கூடாது என்று 20ஆம் பிரிவு சொல்கிறது. அதே பிரிவில் இன்னொரு பாதுகாப்பும் உண்டு, பல குடும்பங்களுக்கு இது தெரிவதே இல்லை. பணியில் இருக்கும்போது விபத்தாலோ நோயாலோ ஒருவர் மாற்றுத்திறனாளி ஆகிவிட்டால், அவரை அரசு நிறுவனம் வேலையை விட்டு அனுப்பவோ பதவி இறக்கவோ முடியாது. பழைய வேலையைச் செய்ய இயலாவிட்டால், அதே ஊதிய விகிதத்தோடும் பலன்களோடும் வேறு பணிக்கு மாற்ற வேண்டும். பொருத்தமான இடம் காலியாக இல்லையென்றால், அப்படி ஓர் இடம் கிடைக்கும் வரையிலோ ஓய்வுபெறும் வயது வரையிலோ அவருக்காகக் கூடுதல் பணியிடம் ஒன்றை உருவாக்கி வைத்திருக்க வேண்டும். குணால் சிங் என்ற காவலர் பணிக்காலத்தில் இடது காலை இழந்ததால் வேலையிலிருந்து நீக்கப்பட்டபோது, 1995 சட்டத்தில் இருந்த இதே போன்ற பிரிவை வைத்து 2003இல் உச்ச நீதிமன்றம் அவருக்குப் பாதுகாப்பு அளித்தது. விபத்தில் அடிபட்டு மருத்துவமனையில் கிடக்கும் அரசு ஊழியரிடம் 'விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிடுங்கள்' என்று யாராவது காகிதத்தை நீட்டினால், கையெழுத்துப் போடுவதற்கு முன் இந்தப் பிரிவைப் படிக்கச் சொல்லுங்கள்.

தனியார் துறைக்கு வரும்போது சட்டத்தின் குரல் தணிந்துவிடுகிறது. ஒதுக்கீடு கிடையாது. பணியாளர்களில் குறைந்தது 5 சதவீதம் மாற்றுத்திறனாளிகளாக இருக்கும்படி தனியாருக்கு ஊக்கத்தொகை தரலாம் என்று மட்டும் இருக்கிறது, அதுவும் அரசின் பொருளாதார வரம்புக்கு உட்பட்டு. 20ஆம் பிரிவும் அரசு நிறுவனங்களைப் பற்றித்தான் பேசுகிறது. இது சட்டத்தின் பெரிய ஓட்டை என்றே நினைக்கிறேன். வேலைகள் பெருகுவது தனியாரிடம்தான். ஆனாலும் கை முழுக்கக் காலி இல்லை. மாற்றுத்திறனாளிகளிடம் பாகுபாடு காட்டக் கூடாது என்ற 3ஆம் பிரிவு அரசு, தனியார் என்று பிரித்துப் பேசவில்லை. எல்லா நிறுவனங்களும் சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை எழுதி மாற்றுத்திறனாளிகளுக்கான ஆணையரிடம் பதிவு செய்ய வேண்டும். 20 பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கும் தனியார் நிறுவனமாக இருந்தால், எந்தெந்தப் பணிகள் மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்றவை, என்னென்ன வசதிகள் தரப்படும், இதற்கான தொடர்பு அலுவலர் யார் என்பதெல்லாம் அந்தக் கொள்கையில் இருக்க வேண்டும். நேர்காணலுக்குப் போகும்போதே 'உங்கள் சமவாய்ப்புக் கொள்கையைப் பார்க்கலாமா' என்று கேட்பதில் தவறில்லை.

'இந்த வேலைக்கு இவரால் முடியாது' என்று விதிகளே முன்கூட்டி முடிவுகட்டியிருந்தால்? மத்தியப் பிரதேசத்தில் நீதித்துறைப் பணிக்குப் பார்வை மாற்றுத்திறனாளிகள் வரவே முடியாதபடி ஒரு விதி இருந்தது. 2025 மார்ச் 3 அன்று உச்ச நீதிமன்றம் அதைத் தூக்கி எறிந்தது. பார்வையின்மையைக் காரணம் காட்டி நீதிபதிப் பணிக்கான போட்டியிலிருந்து யாரையும் ஒதுக்க முடியாது என்றது.

40 சதவீதம் என்ற சுவர்

'சான்றிதழில் உங்கள் குறைபாடு 30 சதவீதம்தான் என்று போட்டிருக்கிறார்கள், அதனால் எந்த உரிமையும் இல்லை' என்று சொல்லி அனுப்புவது நம் அலுவலகங்களில் சகஜம். இது தவறு. 40 சதவீதத்துக்குக் குறையாத குறைபாடு என்ற அளவுகோல் ஒதுக்கீடு போன்ற சில பலன்களுக்குத்தான். பாகுபாட்டிலிருந்து பாதுகாப்பும் நியாயமான வசதியும் எல்லா மாற்றுத்திறனாளிகளுக்கும் உரியவை.

இதை நிலைநாட்டியது விகாஷ் குமார் வழக்கு. எழுதத் தொடங்கினால் கை இழுத்துப் பிடித்துக்கொள்ளும் நரம்புக் கோளாறு அவருக்கு. குடிமைப் பணித் தேர்வில் சொல்வதை எழுதுபவர் ஒருவர் வேண்டும் என்று கேட்டார். 40 சதவீதக் குறைபாடு இல்லை என்று மறுத்துவிட்டார்கள். 2021 பிப்ரவரி 11 அன்று உச்ச நீதிமன்றம், அந்த அளவுகோலை நியாயமான வசதியோடு முடிச்சுப்போட முடியாது, தேவை இருக்கிறதா என்பதுதான் கேள்வி என்று தீர்ப்பளித்தது. சான்றிதழில் குறைந்த சதவீதம் போட்டிருக்கிறார்கள் என்பதற்காக ஒதுங்கிவிட வேண்டாம்.

மறுத்தால் எங்கே போவது?

முதல் வேலை, எழுத்தில் கேட்பது. வாய்மொழியாகக் கேட்டு வாய்மொழியாக மறுக்கப்பட்டதை எந்த ஆணையர் முன்பும் நிரூபிப்பது கஷ்டம். உங்கள் நிலை என்ன, எந்த இடத்தில் தடை வருகிறது, எந்த மாற்றம் இருந்தால் சரியாகும் என்ற மூன்றும் ஒரு பக்கக் கடிதத்தில் அடங்கிவிடும். நோயின் வரலாறு முழுவதையும் எழுதத் தேவையில்லை. மின்னஞ்சலாகவோ ஒப்புகையோடு கூடிய பதிவுத் தபாலாகவோ அனுப்புங்கள்.

அரசு அலுவலகமாக இருந்தால் அங்கே குறைதீர் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். பதிவான புகாரை அவர் இரண்டு வாரத்துக்குள் விசாரிக்க வேண்டும். திருப்தி இல்லையென்றால் மாவட்ட அளவிலான குழுவிடம் போகலாம். தனியார் நிறுவனத்தால் நேர்ந்த குறைக்கும், பொது இடங்கள் பற்றிய புகாருக்கும் மாநில ஆணையரை அணுகலாம். மத்திய அரசு சார்ந்தது என்றால் டெல்லியில் உள்ள தலைமை ஆணையர். சாட்சிகளை அழைக்கவும் ஆவணங்களைக் கேட்டுப் பெறவும் இந்த ஆணையர்களுக்கு உரிமையியல் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் உண்டு. ஆணையரின் பரிந்துரை மீது மூன்று மாதத்துக்குள் நடவடிக்கை எடுத்துத் தெரிவிக்க வேண்டும். ஏற்கவில்லை என்றால் அதற்கான காரணத்தை ஆணையருக்கும் புகார் கொடுத்தவருக்கும் சொல்ல வேண்டும்.

சட்டத்தை மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம், மறுபடி மீறினால் 50,000 முதல் 5 லட்சம் வரை. பெரிய நிறுவனங்களுக்கு இது ஒரு தொகையே இல்லை என்ற குறை நியாயமானது. பொது இடத்தில் ஒருவரை வேண்டுமென்றே அவமானப்படுத்துவதும் மிரட்டுவதும் வேறு கணக்கு. அதற்கு 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு.

வழக்கு என்று போனால் வக்கீல் செலவுக்கு என்ன செய்வது என்று தயங்குபவர்களுக்கு ஒரு செய்தி. 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி மாற்றுத்திறனாளிகளுக்கு இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை இருக்கிறது. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் இதற்கு விண்ணப்பிக்கலாம். நீங்கள் எழுதிக் கேட்ட கடிதத்தின் நகல், அதற்கு வந்த பதில், பதில் வராவிட்டால் தபால் ஒப்புகை ஆகியவற்றைக் கையோடு எடுத்துப் போங்கள்.